தொலைபேசியில் ஒரு சுமைதாங்கி



நம் பாட்டன்மார் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அறிந்திருந்த ஊர் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயரோடு நிற்கவில்லை மாற்றம். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் தாமானும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. லயத்தில் பிறந்தவர் இன்று அடுக்குமாடி வீட்டில் ஐந்தாவது மாடியில் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி ஊர்க்கதை பேச அங்கே வாசல் இல்லை. பெரட்டுக்குப் போன தகப்பனாரின் மகன் பூலாவ் இண்டாவில் கொள்கலன் லாரி ஓட்டுகிறான். இரவும் பகலும் அவனுக்கு ஒன்றுதான்.

தோட்டத்தை விட்டு வெளியேறுதல், வேலை ஓய்வு, துணையை இழத்தல், பிள்ளைகள் தூரம் போதல் ஆகியவை நோய்களல்ல. ஆயினும் இவற்றைச் சுமக்கும் மனம் சில வேளைகளில் நோய்ப்படும். நம் வீடுகளில் அது மனநோய் என்ற பெயரோடு வருவதில்லை. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, நடு இரவில் விழிப்பு என்று உடம்பின் பெயரில் வரும். ஆண்களிடம் குடியாகவும், எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழும் கோபமாகவும் வருவதுண்டு. செய்வினை என்று கருதிப் பணத்தைச் செலவழிக்கிற குடும்பங்களும் உள்ளன. கோயிலுக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. அது பலருக்கு ஆறுதல். அங்கே போவதோடு வேறொரு கதவையும் தட்டலாம் என்பதே நாம் சொல்ல வந்தது.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர். 2019-இல் அது 2.3-ஆக இருந்தது. இத்தனை பேர் இருந்தும் நம்மவர் வாய் திறக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம், 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற பெயர். 1911-இல் அங்கே தொடங்கிய மருத்துவமனையின் பெயரை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலிச்சொல்லாகவே வழங்கிவிட்டோம். மனம் சோர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவையே இல்லை. இன்னொரு காரணம் போலீஸ் பயம். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது முன்பு தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி குற்றம். நாடாளுமன்றம் 2023-இல் அப்பிரிவை நீக்கிவிட்டது. இதை நம் தோட்டங்களில் பலர் இன்னும் அறியவில்லை. உதவி கேட்பவரை இனி அந்தப் பிரிவைக் காட்டி யாரும் அச்சுறுத்த முடியாது.

அக்காலத்தில் நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதில் சுமையை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மீண்டும் நடப்பார். இன்று தொலைபேசியிலும் இணையத்திலும் கிடைக்கும் மனநல உதவி ஏறக்குறைய அப்படிப்பட்டதே. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனமுடைந்தவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணை ஏற்படுத்தினார். 1970-இல் கோலாலம்பூரில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு அதே வழியில் தோன்றியது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வைத் தொடங்கினார். இவற்றில் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் காது கொடுப்பார்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள். நம்மிடையே புத்திமதிக்கா பஞ்சம்? காதுக்குத்தான் பஞ்சம்.

இதற்கு அடுத்த படி, பயிற்சி பெற்ற ஆலோசகரோ மருத்துவரோ தூரத்திலிருந்தே சிகிச்சை தருவது. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறி வந்த சீமைகளில் ஒன்றான புதுக்கோட்டையில் இது எப்படி நடந்தது என்பதைக் கேளுங்கள். சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. பேருந்துக்குள் ஒரு சிறிய அறை. அறையில் ஒரு திரை. திரையில் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் தோன்றி நோயாளியோடும் குடும்பத்தாரோடும் தமிழில் பேசுவார். பேசி முடித்ததும் அதே பேருந்திலுள்ள மருந்தகத்தில் மருந்து கொடுப்பார்கள். பட்டணத்துக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இழக்க வேண்டியிருந்த ஏழைகளுக்கு மருத்துவரே ஊருக்கு வந்தது போலாயிற்று. அங்கே வந்தவர்களில் மனச்சிதைவு போன்ற கடும் நோயுள்ளவர்களும் இருந்தார்கள். அத்தகையோருக்கே திரைவழி மருத்துவம் பயன்பட்டதென்றால், வேலை ஓய்வுக்குப் பிறகு தூக்கமில்லாமல் தவிக்கிற ஒருவருக்கு அது ஏன் பயன்படாது? லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளி வழியான பேச்சுச் சிகிச்சை நேரில் பெறுவதற்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

பேச்சில் என்ன சிகிச்சை என்று கேட்கலாம். முப்பது ஆண்டு குலை வெட்டியவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்தில் கரைந்துவிட்டது. 'இனி நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வருகிறது. எண்ணம் வந்ததும் வெளியே போவதை நிறுத்துகிறார். வெளியே போகாததால் நண்பர்கள் குறைகிறார்கள். நண்பர்கள் குறையவே, 'பார்த்தாயா, நான் உதவாதவன்தான்' என்று அந்த எண்ணம் உறுதிப்படுகிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற சுற்று இது. ஆலோசகர் எந்த இடத்தில் அதை நிறுத்தலாம் என்று அவரோடு சேர்ந்து தேடுவார். இவ்வாரம் காலையில் அரை மணி நடக்க வேண்டும், ஒரு பழைய நண்பரைப் பார்க்க வேண்டும் என்று சிறிய வேலை கொடுப்பார். அடுத்த முறை அழைக்கும்போது அது நடந்ததா, மனம் எப்படி இருந்தது என்று விசாரிப்பார். மந்திரம் ஏதுமில்லை. ஒரே நாளில் குணமாவதும் இல்லை. பல வாரங்கள் பிடிக்கும்.

நம் வீடுகளில் இதற்கு உண்மையான தடை இடம்தான். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கையில், மருமகளைப் பற்றி மாமியாரோ மாமியாரைப் பற்றி மருமகளோ எப்படி வாய்விட்டுப் பேச முடியும்? வேலை முடிந்து நிறுத்திய லாரிக்குள், கோயில் மண்டபத்தின் ஓரத்தில், ஆளில்லாத வேளையில் பள்ளித் திடலில் என்று ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். பேசக் கூச்சமானால் பிஃபிரெண்டர்ஸுக்கு மின்னஞ்சலும் எழுதலாம். கணவர் தொலைபேசியில் பேசுவதைக் கண்டால் மனைவி சற்று விலகியிருப்பதும், மனைவி பேசினால் 'யாரோடு பேசினாய்?' என்று கணவர் துருவாமல் இருப்பதும் பெரிய உதவி. மொழியும் ஒரு தடை. அழைத்தவுடனே தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு அப்போது அழையுங்கள். துக்கத்தை அரைகுறை மொழியில் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் வாங்கும் இணைய ஆலோசகரிடம் போவதானால் பதிவு பெற்றவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவில்லாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. புலனத்தில் வந்து, முன்பணம் அனுப்பினால் கவலையைப் போக்குவேன் என்பவரை நம்ப வேண்டாம்.

தொலைபேசி போதாத நேரங்களும் உண்டு. ஒருவர் காதில் இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிரை விட்டுவிடப் போவதாகச் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனிருந்து 999-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இனி எண்களைச் சொல்கிறோம். தாளில் குறித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929. சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் மனநல உதவி எண்: 15555. குடும்பத்தில் அடிதடி, கொடுமை என்றால் காசே உதவி எண்: 15999. தொலைபேசியில் பேச மனம் வராதவர்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கித் திரும்பிவிடாமல், 'டாக்டர், தூக்கமில்லை, மனம் சரியில்லை' என்று அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.