பத்து மணிக்கும் பத்தே காலுக்கும் நடுவே

பிளஸ் டூ பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கினாலும், விடை எழுதத் தொடங்குவது 10.15க்குத்தான். முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசிக்க. அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பில் அச்சாகியிருக்கும் பெயர், பதிவெண், புகைப்படம், பாடம் எல்லாம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட. மதிப்பெண்ணுக்குச் சம்பந்தமில்லாத நேரம் என்று நினைத்துப் பல பிள்ளைகள் இதைப் பதற்றத்திலேயே கழித்துவிடுகிறார்கள். உடலுக்குள் அப்போது நடப்பது தெரிந்தால் அப்படிக் கழிக்க மனம் வராது.

தேர்வு மையத்தின் வாசலை 9.40 மணிக்குக் கவனித்துப் பாருங்கள். ஒரு மாணவன் கைடைப் புரட்டிக்கொண்டே இருப்பான். கண் ஓடும், எதுவும் உள்ளே போகாது. "டேய், லென்ஸ் மேக்கர் ஃபார்முலா படிச்சியா? கண்டிப்பா வருமாம்" என்று பக்கத்தில் ஒருவன் கேட்பான். கேட்டதும் இவனுக்கு உள்ளங்கை வியர்க்கும், விரல் நுனி சில்லிடும், வயிற்றைப் பிசையும். இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தவனுக்கு மூன்றாவது தடவையும் போகவேண்டும் போலிருக்கும்.

இதெல்லாம் பலவீனம் இல்லை. ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் போவது கூடுகிறது. விரல் சில்லிடுவது அதனால்தான். ஜீரண வேலை தள்ளிவைக்கப்படுகிறது, பெருங்குடல் மட்டும் அவசரப்படுகிறது. இது நொடிகளில் நடந்து முடிகிற முதல் அலை.

இரண்டாவது அலை நிதானமாக வரும். மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் சுரக்கிறது. பயந்த நேரத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். வாசலில் 9.40க்குக் கேட்ட அந்தக் கேள்வியின் முழு விளைவு, வினாத்தாள் கையில் இருக்கும் 10.05க்கு வந்து சேருகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கார்ட்டிசால் என்ன செய்யும்? சூரிச் பல்கலைக்கழகத்தில் டொமினிக் டி குவெர்வேன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு நாள் முன்பு மனப்பாடம் செய்த சொற்களை நினைவுகூரச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலில் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரையைக் கொடுத்தார்கள். சொற்களை நினைவுகூரும் திறன் குறைந்தது. அதே மாத்திரையைப் படிப்பதற்கு முன்போ படித்த உடனேயோ கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. படித்தது அழியவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. ஹாலில் எவ்வளவு யோசித்தும் வராத விடை, வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பளிச்சென்று வருவதன் பின்னணி இதுதான்.

அப்படியானால் படபடப்பே கூடாதா? அதுவும் தவறு. 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கடினமான பாடத்தை எலிகள் வேகமாகக் கற்றது, அதிர்ச்சி மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுவில் இருந்தபோது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் மூளையில் இதன் காரணத்தைத் தேடினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் திட்டமிடுவது, ஒரு கணக்கின் இடைப்படிகளை மனதில் பிடித்து வைத்திருப்பது போன்ற வேலைகளைச் செய்கிறது. மிதமான நார்அட்ரீனலின் அதற்கு ஊக்கம் தருகிறது. அளவு மீறினால் அந்தப் பகுதி தளர்ந்துவிடுகிறது. இடைப்படிகளைப் பிடித்து வைத்திருக்கும் மனத்தின் மேசையோ மிகச் சிறியது, ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்குத்தான் இடம் உண்டு. "ஃபெயில் ஆயிட்டா?", "அப்பா என்ன சொல்வார்?" என்ற இரண்டு எண்ணங்கள் ஏறி உட்கார்ந்தால் கணக்குக்கு மிஞ்சுவது பாதி மேசை.

ஆகவே "பயப்படாதே" என்று சொல்வதில் பலன் குறைவு. துடிக்கிற இதயத்தைச் சொல்லி அடக்க முடியாது. அந்தத் துடிப்புக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஜெரமி ஜேமிசனும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஜிஆர்இ நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், படபடப்பு தேர்வைக் கெடுக்காது, உதவவும் கூடும் என்று மாதிரித் தேர்வுக்கு முன் சொன்னார்கள். அவர்கள் மாதிரித் தேர்விலும், பிறகு எழுதிய உண்மையான தேர்விலும் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். சொன்னது சில வாக்கியங்கள்தான். நம் ஆசிரியர்கள் ஹால் டிக்கெட் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிடலாம்.

பயத்தைத் தாளில் எழுதிக் கொட்டினால் மதிப்பெண் கூடும் என்றும் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. சிகாகோவில் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011இல் வெளியிட்டது. 2018இல் வேறொரு குழு அதை மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எழுதுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, அதையே நம்பிப் போகவேண்டாம்.

நான் அதிகம் நம்புவது டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வை. ஏமி ஸ்மித், அயானா தாமஸ் குழுவினர் 120 பேருக்குச் சொற்களையும் படங்களையும் கொடுத்தார்கள். பாதிப் பேர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். பாதிப் பேர் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகினார்கள். மறுநாள் அவர்களில் பலரை, நடுவர்கள் முன்னால் திடீரென்று பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற வைத்தார்கள். திரும்பப் படித்தவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. நினைவுகூர்ந்து பழகியவர்களுக்குச் சரியவில்லை. தேர்வு நாளின் நிதானம் அன்று காலையில் வருவதில்லை, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வருகிறது என்று இதைப் படிக்கலாம்.

முந்தின இரவைப் பற்றிச் சுருக்கமாக: தூங்குங்கள். படித்தது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்; இரவு 10 மணிக்குக் குடித்த டீயின் பாதி, விடியற்காலை 3 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். ஹால் டிக்கெட், இரண்டு மூன்று பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் இரவே பையில் இருக்கட்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியே போதும். ஹாலுக்குப் போகும்வரை யாரிடமும் "இது வருமா" என்று கேட்காதீர்கள், கேட்பவனுக்குப் பதிலும் சொல்லாதீர்கள்.

இனி அந்தக் கால் மணி நேரம். வினாத்தாள் வந்ததும் முதலில் மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்தாறு தடவைக்கு ஒரு நிமிடம்கூடப் போதும். பிறகு வாசியுங்கள். இயற்பியல் தாள் என்றால் 70 மதிப்பெண். 15 ஒரு மார்க் வினாக்கள். இரண்டு மார்க்கில் 9க்கு 6, மூன்று மார்க்கில் 9க்கு 6, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாய வினா. ஐந்து மார்க்கில் ஐந்தும் 'இது அல்லது அது'. எதை எழுதுவது, எதை விடுவது என்று இந்தப் பத்து நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டால் நடுவில் தடுமாற வேண்டியதில்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். வராத விடைக்கு இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். வேறொரு விடையை எழுதும்போது அதிலுள்ள ஒரு சொல்லோ படமோ மறந்ததை இழுத்துக்கொண்டு வருவது உண்டு. வினா எண்ணை மட்டும் மாற்றாமல் போடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் கேட்டில் வைத்தே வினாத்தாளை வாங்கி மார்க் கூட்டாதீர்கள். முடிந்துபோன தேர்வின் கார்ட்டிசாலை அடுத்த தேர்வுக்கு நாமே எடுத்துச் சென்று கொடுப்பதாகும் அது. சோறு போடுங்கள், தூங்க விடுங்கள். நாள்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே வீண் என்ற பேச்சு வருகிறது என்றால் அது தேர்வு பயம் என்று விட்டுவிடக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.