கபச்சுரப்பிக்குக் கட்டளையிடுவது எது?

கன்று எந்நேரமும் தாயுடன் நின்று பால் குடித்தால் தாய் எருமை மீண்டும் சினைப்படத் தாமதமாகும். அம்பாறை மாவட்டத்தில் எருமைப் பட்டி வைத்திருப்போர் இதனை நன்கறிவர். கன்று பால் குடிப்பது மடியில். முட்டை முதிர்வது சூலகத்தில். இவ்விரண்டையும் தொடர்புபடுத்துவது எது? மாணவர்களே, விடை மூளையில் உள்ளது.

முலையூட்டிகளின் மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழும் அதனோடு இணைந்து கபச்சுரப்பியும் உள்ளன. இனப்பெருக்கக் கட்டுப்பாடு பின்வரும் ஒழுங்கில் நடைபெறும்.

1. பரிவகக்கீழிலுள்ள சில நரம்புக்கலங்கள் கிஸ்பெப்டின் என்னும் ஓமோனைச் சுரக்கும்.
2. அது வேறு சில நரம்புக்கலங்களைத் தூண்டும். அவை ஜீ.என்.ஆர்.எச். என்னும் ஓமோனை விட்டுவிட்டு விடுவிக்கும். இது 10 அமினோ அமிலங்களாலானது.
3. ஜீ.என்.ஆர்.எச். சிறிய குருதிக்கலன்கள் வழியே கபச்சுரப்பியை அடையும். அங்கு புடைப்பைத் தூண்டும் ஓமோனும் லூட்டினாக்கும் ஓமோனும் சுரக்கப்படும்.
4. இவை குருதி வழியே சூலகத்தை அல்லது விதையை அடையும். முட்டை முதிர்தல், விந்து உற்பத்தி, இலிங்க ஓமோன் சுரப்பு என்பன நிகழும்.

சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் மீண்டும் மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆனால் ஜீ.என்.ஆர்.எச். நரம்புக்கலங்களில் அச்செய்தியை ஏற்கும் பிரதான வாங்கி இல்லை. கிஸ்பெப்டின் நரம்புக்கலங்களில் அது உண்டு. எனவே அவையே இடையில் நின்று செய்தியைக் கடத்துகின்றன. சாதாரண வேளையில் ஈஸ்திரஜன் ஜீ.என்.ஆர்.எச். சுரப்பைக் குறைக்கும். புடைப்பு முதிர்ந்து ஈஸ்திரஜன் மிகும்போது சுரப்பைக் கூட்டும். அதனால் லூட்டினாக்கும் ஓமோன் திடீரென அதிகரித்து முட்டை வெளியேறும்.

கிஸ்பெப்டினின் வாங்கி பழுதடைந்த மனிதர் இயல்பாகப் பருவமடைவதில்லை என 2003 இல் பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஆய்வாளர் வெளியிட்டனர். இந்த ஓமோனின் முக்கியத்துவம் அதன் பின்னரே தெளிவானது.

இனி எருமைக்கு வருவோம். கன்று பால் உறிஞ்சும்போது மடியிலிருந்து நரம்புக் கணத்தாக்கம் மூளைக்குச் செல்லும். இதனால் ஜீ.என்.ஆர்.எச். சுரப்பும் லூட்டினாக்கும் ஓமோனும் குறையும், முட்டை வெளியேறாது. போதிய தீனி இல்லாவிடினும் இவ்வாறே நிகழும். ஆகவே கன்று பால் குடிக்கும் வேளைகளை மட்டுப்படுத்தி, தாய்க்கு நல்ல தீனி கொடுத்தால் அடுத்த கன்றும் பாலும் தயிரும் காலந்தாழ்த்தாது கிடைக்கும்.

கவனிக்க: கபச்சுரப்பியைத் தலைமைச் சுரப்பி என்பர். ஆயினும் அது பரிவகக்கீழின் கட்டளைப்படியே இயங்குகிறது.

பயிற்சி வினா: ஜீ.என்.ஆர்.எச். சுரப்பு நின்றால் சூலகத்தில் ஏற்படும் மாற்றங்கள் இரண்டு தருக.

விடை: புடைப்பு முதிராது, ஈஸ்திரஜன் சுரப்புக் குறையும்.