லேப்டாப் விசையா, மெக்கானிக்கல் கீபோர்டா?

பென்னலூர், ஒரகடம் வட்டார அலுவலகங்களில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் நம் பிள்ளைகள், "மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வித்தியாசத்தைப் பார்ப்போம்.

லேப்டாப் விசை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கும். அடியிலுள்ள ரப்பர் குமிழ் அமுங்கினால்தான் எழுத்து விழும். விரல் ஒவ்வொரு முறையும் அடித்தட்டில் மோதும்.

மெக்கானிக்கலில் விசைக்கு விசை தனி ஸ்பிரிங். பொதுவாக 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும். மெல்லத் தொட்டுப் பழகினால்தான் இதன் பலன் கிடைக்கும். பழைய வழக்கப்படி ஓங்கி அடித்தால் பணம் வீண்தான்.

இன்னொன்று, ஓசை. நீல சுவிட்ச் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். நைட் ஷிப்ட் முடித்தவர் பக்கத்து அறையில் உறங்கும் வீட்டுக்குச் சிவப்பு சுவிட்சே பொருந்தும். வாங்குமுன் கடையில் நான்கு வரி அடித்துப் பாருங்கள்.