கரும்பலகையில் அம்மாவின் கணக்கு

ஏழாம் வகுப்புக் கணிதத்தில் மூன்றாம் பருவத்தில் 'சதவீதமும் தனிவட்டியும்' வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கியபோது, புத்தகத்தில் உள்ள எண்களோடு மாணவர்களின் வாழ்க்கையில் உள்ள எண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "உங்க வீட்டுல ஒரு வாரத்துக்கு என்னென்ன செலவாகுது? அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். நல்ல செயல்பாடு கொடுத்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஆறு பேர் வரவில்லை. சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்." இன்னொரு மாணவன் எல்லாவற்றையும் எழுதியிருந்தான். மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்ந்து 1,150 ரூபாய். அதற்குக் கீழே, திங்கட்கிழமைக் குழு 720, வியாழக்கிழமைக் குழு 560, தண்டல் தினம் 100 வீதம் 700. கடனுக்கு மட்டும் வாரம் 1,980. கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் 'சரி' போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அன்று மாலை அந்த மாணவியின் தாய் பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. "நாங்க படுற பாடு பிள்ளைக்குத் தெரிய வேணாம்னுதான் டீச்சர் ஓடிக்கிட்டு இருக்கோம். அதையே நோட்டுல எழுதச் சொன்னா நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். குடும்ப வரவு செலவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்து அதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

யாருடைய கணக்கை எழுதுவது?

அடுத்த நாள் கரும்பலகையில் என் வீட்டுக் கணக்கையே எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் என் சம்பளம் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு உலகம். அதனால் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது இருந்த எங்கள் வீட்டுக் கணக்கை எழுதினேன். அப்பா கூலிக்குப் போனால் நாளுக்கு 30 ரூபாய். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்தால் 15 ரூபாய். கொட்டையின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்தே இருக்கும். அதைச் சொன்னதும், "எங்க அம்மா கையும் அப்படித்தான் டீச்சர்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பிறகு வகுப்பு தானாக நடந்தது.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கணக்கெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்புறம் நான் எழுதிக்கொடுத்ததுதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார். சித்திரையில் முந்திரிப் பருவத்தில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், முதலில் ஆனி மாதத்துக்கு வேண்டிய நோட்டுகளும் சட்டைத் துணியும் வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். பிறகுதான் மற்றதெல்லாம். பள்ளி திறக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் கடன் கேட்டு நின்றதில்லை. இது சிக்கனம் மட்டுமல்ல, காலம் பார்த்துச் செய்த திட்டமிடல் என்பது எனக்கே ஆசிரியரான பிறகுதான் புரிந்தது.

வரவுக்கு ஒரு மாதம், செலவுக்கு ஒரு மாதம்

மாதச் சம்பளம் வாங்கும் நாம் 'மாத பட்ஜெட்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். செந்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானம் மாதம்தோறும் ஒரே அளவில் வருவதில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் ஒரு பருவத்தில் பணம் தரும், முந்திரி இன்னொரு பருவத்தில் தரும். நடுவில் கூலி வேலை, நூறு நாள் வேலை. செலவோ இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஜூனில் பள்ளி திறக்கும், விதைப்புக்கு விதையும் உரமும் வேண்டும், ஐப்பசியில் தீபாவளி வரும்.

ஆகவே வகுப்பில் நாங்கள் 'நம்ம ஊர்க் குடும்பம்' என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கினோம். பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு மாதத்திலும் வரவைப் பச்சை நிறத்திலும் செலவைச் சிவப்பு நிறத்திலும் குறித்தோம். சிவப்பு அதிகமாக உள்ள மாதங்கள் எவை, அவற்றுக்கு முன்னால் பச்சை எங்கே இருக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். "பச்சை மாசத்துலயே சிவப்பு மாசத்துக்கு எடுத்து வச்சுடணும் டீச்சர்" என்றான் ஒருவன். குடும்ப நிதி மேலாண்மையின் பாதியை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

எடுத்து வைப்பதற்கு வீட்டு டப்பாவைவிடப் பாதுகாப்பான இடங்கள் உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், காலம் ஐந்து ஆண்டு. மாதம் 500 கட்டினால் நாம் போடுவது 30,000 ரூபாய். வட்டி 6.7 சதவீதம் என்று கொண்டால், முடிவில் 35,600 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பணம் கைக்கு வரும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் செலுத்தி செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைத் தொடரலாம்.

தண்டலின் உண்மையான வட்டி

தனிவட்டிப் பாடத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் வட்டியைச் 'சதவீதம்' என்று யாரும் சொல்வதில்லை. 'நூத்துக்கு மூணு' என்பார்கள். அது மாதத்துக்கு. ஆண்டுக்கு 36 சதவீதம். 10,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 3,600. இதை மாணவர்கள் உடனே போட்டுவிடுகிறார்கள்.

தண்டல் கணக்குதான் அவர்களைத் திகைக்க வைத்தது. 10,000 ரூபாய் கடன் என்பார்கள். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்று தோன்றும். 9,000 ரூபாய்க்கு 100 நாளுக்கு 1,000 என்றால், தனிவட்டிப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 சதவீதம். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. தினமும் திருப்பிக் கட்டுவதால், சராசரியாக 4,500 ரூபாய்தான் நம்மிடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்தைத் தொடுகிறது. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் கூட்டுவட்டி நடத்தும்போது இதை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்றும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வங்கிகளும் நுண்கடன் நிறுவனங்களும் இதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும். மாதம் 14,000 வருமானம் என்றால் தவணை எல்லாம் சேர்ந்து 7,000க்குள் இருக்க வேண்டும். கடன் வாங்கும் முன் நம் வீட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பள்ளி குறைக்கும் செலவு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இன்னொரு பட்டியலையும் நான் எழுதிப் போடுவதுண்டு. பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப்பை, பேருந்து அட்டை, மதிய உணவு. தொடக்கப் பள்ளியில் 2022 முதல் படிப்படியாக வந்த காலை உணவு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆணுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை. ஆனால் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டி இடையில் பள்ளி மாற்ற நினைப்பவர், இந்தப் பட்டியலையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் அல்லவா? அதைச் சொல்வது நம் கடமை.

வீட்டில் பிள்ளைகளிடம்

ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாது. என் மகள் எதைக் கேட்டாலும் "காசு இல்லை" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அது உண்மையுமில்லை, அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவுமில்லை. இப்போது, "இந்த மாசம் இதுக்கு ஒதுக்கல, எப்ப வாங்கலாம்னு சேர்ந்து பார்ப்போம்" என்கிறேன். ஒரு மாதம் மளிகைக் கணக்கை அவளிடமே கொடுத்தேன். மாதக் கடைசியில், "அம்மா, பரோட்டா பார்சலுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் போனதுல என் புத்தகப்பையே வாங்கியிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எவ்வளவு சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. சிறு பிள்ளைக்கு மளிகைக் கணக்கு போதும். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிச் செலவு, சேமிப்பு பற்றிப் பேசலாம். கடன் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடக் கூடாது. திட்டமிடும்போது பிள்ளையும் உடனிருந்தால் போதும்.

வகுப்பறையில் செய்யும்போது

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் மூன்று விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். மாணவரின் சொந்த வீட்டுக் கணக்கைக் கேட்க வேண்டாம்; கற்பனைக் குடும்பம் போதும். அந்தக் குடும்பத்தின் வருமானம் உங்கள் ஊரின் பருவத்தையும் தொழிலையும் ஒட்டியதாக இருக்கட்டும். யாராவது தானாக வந்து வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால், அதை வகுப்பில் பேசாமல் தனியாகக் கேளுங்கள்.

முழுக் கணக்கையும் எழுதி வந்த அந்த மாணவனின் தாய், பின்னர் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும், "அந்தத் தண்டல் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார். அந்த ஆண்டு முந்திரிப் பணத்தில் முதல் வேலையாகத் தண்டலை அடைத்துவிட்டார். இரண்டு குழுக் கடன்களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மகன் இப்போது பத்தாம் வகுப்பு. வாரத் தவணை அட்டையில் மீதி எவ்வளவு என்று அம்மாவுக்குப் பார்த்துச் சொல்வது அவன்தானாம்.