ஜெயித்த கார்... ஆனா வெற்றி செல்லாது! 'ஸ்டாக் கார்' ரேஸ் என்றால் என்ன? அமெரிக்காவில் ரூல்ஸ் வந்த கதை

1949 ஜூன் 19. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், சார்லட் நகரம். மண் டிராக்கில் 200 சுற்று கார் ரேஸ். கிளென் டன்னவே ஓட்டிய 1947 மாடல் ஃபோர்டு, மூன்று சுற்று முன்னிலையோடு முதலில் வந்தது. ஆனால் ரேஸ் முடிந்து காரைச் சோதித்தவர்கள் பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்ததும், 'இந்த வெற்றி செல்லாது' என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஸ்பிரிங்குக்காக ஜெயித்தவரையே வெளியே தள்ளுவார்களா? தள்ளினார்கள். ஏன் என்று புரிய வேண்டுமென்றால், 50 வருஷம் பின்னால் போகணும்.

'ஸ்டாக்' என்றால் என்ன?

கடையில் போய் "ஸ்டாக் இருக்கா?" என்று கேட்கிறோமே, அதே ஸ்டாக்தான். ஷோரூமில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய கார், ஸ்டாக் கார். ரேஸுக்கென்றே தனியாகச் செய்த கார் அந்தக் கணக்கில் வராது. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதற்குள் அமெரிக்காவில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

முதல் ரேஸில் வேகம் எவ்வளவு தெரியுமா?

அமெரிக்காவின் முதல் கார் ரேஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1895 நவம்பர் 28-ல் சிகாகோவில் நடந்தது. கொட்டிக்கிடந்த பனியில் எவன்ஸ்டன் வரை போய்த் திரும்ப வேண்டும். சுமார் 87 கிலோமீட்டர். கிளம்பியது ஆறு வண்டி, முடித்தது இரண்டே இரண்டு. ஜெயித்த ஃபிராங்க் டுரியே எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி நேரத்துக்கும் மேல். நம்ம ஊரில் சைக்கிளில் போகிறவர்கூட முந்தியிருப்பார்!

அன்று வேகத்தைவிட முக்கியமான கேள்வி வேறு. குதிரை இல்லாமல் இந்த வண்டி ஊர் போய்ச் சேருமா? ரேஸில் சேர்ந்துவிட்டால் மக்கள் நம்பினார்கள். பணம் போடுபவர்களும் நம்பினார்கள். 1901-ல் மிச்சிகனில் நடந்த ரேஸில், பிரபல கார் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் வின்டனைத் தோற்கடித்தார் ஒருவர். அடுத்த சில வாரங்களிலேயே அவர் பெயரில் புது கம்பெனிக்குப் பணம் வந்தது. அவர் ஹென்றி ஃபோர்டு.

பிரச்னை தொடங்கியது எங்கே?

ரேஸ் ஜெயித்தால் கார் விற்கும் என்று தெரிந்ததும், கம்பெனிகள் ரேஸுக்கு ஒரு கார், விற்பனைக்கு ஒரு கார் என்று செய்ய ஆரம்பித்தன. விளம்பரத்தில் 'எங்கள் கார் ஜெயித்தது' என்று போடுவார்கள். ஆனால் ஜெயித்த காரும் நீங்கள் வாங்கும் காரும் ஒன்றா? வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சரியான உதாரணம், 1909-ல் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை நடந்த கண்டம் தாண்டும் ரேஸ். ஃபோர்டின் மாடல் டி கார் 22 நாட்களில் போய்ச் சேர்ந்து வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஃபோர்டு அதை விளம்பரத்தில் பயன்படுத்தித் தள்ளியது. சில மாதங்கள் கழித்துத்தான், வழியில் இன்ஜினையே மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்து வெற்றி பறிக்கப்பட்டது. பரிசு, ஷாமட் என்ற சிறிய கம்பெனியின் காருக்குப் போனது. என்ன பிரயோஜனம்? ஷாமட் கம்பெனி அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. மாடல் டி விற்றது ஒன்றரைக் கோடி கார்!

காரை எப்படி வகை பிரித்தார்கள்?

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏ.ஏ.ஏ. அமைப்புதான் அன்றைய ரேஸ்களுக்கு ரூல்ஸ் போட்டது. சில போட்டிகளில் காரின் விலையை வைத்துப் பிரித்தார்கள். விலை குறைந்த கார் விலை குறைந்த காரோடு மோதும். வாங்குபவருக்கு இது வசதி. கையில் இருக்கும் காசுக்கு எந்தக் கார் நல்ல கார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இன்ஜின் கொள்ளளவை வைத்துப் பிரிப்பது. பைக் வாங்கும்போது '150 சிசியா, 350 சிசியா' என்று கேட்கிறோமே, அதேதான். அவர்கள் கன அங்குலத்தில் அளந்தார்கள். 161 முதல் 230 வரை ஒரு பிரிவு, 231 முதல் 300 வரை அடுத்தது, பிறகு 301 முதல் 450, அதற்கு மேல் 451 முதல் 600. விலையைக் கம்பெனி இஷ்டத்துக்கு மாற்றலாம், ஆனால் சிலிண்டரை அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 600 கன அங்குலம் என்பது கிட்டத்தட்ட 9,800 சிசி. இன்றைய சின்னக் கார்களில் 1,200 சிசிதான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

'ஸ்டாக் சேஸிஸ்' என்றும் ஒரு வகை உண்டு. மட்கார்டு, விளக்கு, பாடி எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். ஆனால் அடிச்சட்டமும் இன்ஜினும் விற்பனைக்கு வரும் காரில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். 1909-ல் இண்டியானாவில் நடந்த கோப் கோப்பை இந்த வகைதான். பியூக் ஓட்டி அதை ஜெயித்தவர் லூயி செவர்லே. ஆமாம், பின்னாளில் செவர்லே காருக்குப் பெயர் தந்தவரேதான். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் யாரும் எதையும் ஓட்டலாம் என்ற பிரிவும் தனியாக இருந்தது.

ரூல்ஸ் வந்ததும் ஏமாற்று நின்றதா?

எங்கே நின்றது? 1910-ல் இண்டியனாபொலிஸ் டிராக்கில் மின்னல் வேகத்தில் ஓடிய மார்க்வெட்-பியூக் கார்களை, 'இது ஸ்டாக் இல்லை' என்று ஏ.ஏ.ஏ. தகுதி நீக்கம் செய்தது. பார்க்க வந்த கூட்டத்துக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை, அவர்களுக்கு வேகம் வேண்டும். 1911 மே 30-ல் நடந்த முதல் இண்டியனாபொலிஸ் 500 மைல் ரேஸில், ஸ்டாக் என்ற நிபந்தனையே கிடையாது. இன்ஜின் 600 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 40 கார்கள் ஓடின. ரே ஹாருன் ஜெயித்த மார்மன் 'வாஸ்ப்', ஒருவர் மட்டும் உட்காரும்படி ரேஸுக்காகவே செய்த கார்.

அதன் பிறகு பெரிய ரேஸ்களில் ஸ்டாக் கார் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

மறுபடி உயிர் கொடுத்தது கள்ளச்சாராயம்!

தெற்கு மாநிலங்களில் சாராயம் கடத்தியவர்கள், பார்க்க சாதாரணமாகத் தெரியும் ஃபோர்டு கார்களை உள்ளுக்குள் மாற்றி வைத்திருந்தார்கள். போலீஸ் துரத்தினால் தப்பிக்க வேண்டுமே! அப்படி ஓட்டிப் பழகியவர்களில் பலர் மண் டிராக்குகளிலும் ஓட்டினார்கள்.

1936-ல் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் நகர நிர்வாகமே ஒரு ஸ்டாக் கார் ரேஸ் நடத்தியது. மணலில் கார்கள் சிக்கி, ரேஸைப் பாதியில் நிறுத்தி, நகரத்துக்கு 22,000 டாலர் அளவுக்கு நஷ்டம். அதில் ஐந்தாவதாக வந்த பில் ஃபிரான்ஸ்தான், 1947 டிசம்பரில் அதே ஊர் ஹோட்டல் ஒன்றில் ஆட்களைக் கூட்டி 'நாஸ்கார்' அமைப்புக்கு வழி செய்தார். அதன் ஒரு பிரிவின் பெயர் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்'. ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓட்டணும், கை வைக்கக் கூடாது.

அந்தப் பிரிவின் முதல் ரேஸ்தான் சார்லட்டில் நடந்தது. டன்னவேயின் கார், சாராய லோடு தூக்குவதற்காக ஸ்பிரிங் மாற்றப்பட்ட கார். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது, வளைவிலும் ஆடாது. அவருக்குப் பதில், கன்சாஸிலிருந்து தன் லிங்கன் காரை ஓட்டிவந்து அதே காரில் ரேஸும் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வெற்றி தரப்பட்டது. பத்திரிகை சித்திரக்கதை ஒன்றில் இந்த ரேஸைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர் அவர்! டன்னவே காரின் உரிமையாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விதியை அமல்படுத்தும் அதிகாரம் நாஸ்காருக்கு உண்டு என்பது முதல் ரேஸிலேயே உறுதியானது.

இப்போது என்ன நிலை?

'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' என்ற பெயர் ஒரு வருஷம்தான் தாங்கியது. 1950-ல் 'கிராண்ட் நேஷனல்' என்று மாற்றினார்கள். பிறகு பாதுகாப்புக்காகக் கம்பிக்கூண்டு வந்தது, இன்ஜின் மாறியது, அடிச்சட்டமும் மாறியது. இன்று நாஸ்கார் கப் ரேஸில் ஓடும் டொயோட்டா கேம்ரி, பின்சக்கரத்தைச் சுழற்றும் வி8 இன்ஜின் கார். ஷோரூமில் கிடைக்கும் கேம்ரி பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடுவது, அதில் வி8 இன்ஜினே கிடையாது. ஆனால் ரேஸை இன்னும் 'ஸ்டாக் கார் ரேஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.