சந்ததிக்கு எழுதி வைத்த தாய்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்து நின்றன. சாதாரணக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைக் காப்பவர் யார்? நம்மில் பெரும்பாலோருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். பாட்டனாரின் தந்தை பெயரைச் சொல்லச் சிலரால் முடியும். அதற்கு மேல் கேட்டால் மௌனந்தான் விடை.

பாட்டியின் மூக்கும் முடியும் மரபணுக்களின் வழியே பேத்திக்கு வந்து சேரும் என்பதை விலங்கியல் மாணவி என்ற முறையில் நான் அறிவேன். ஆனால் அந்தப் பாட்டி பட்ட பாடு அவ்வழியே வருவதில்லை. அதை ஒருவர் சொல்ல வேண்டும். அல்லது எழுதி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதி வைத்த ஒரு தாயைப் பற்றி இங்கே கூற விழைகிறேன். அவர் பெயர் கிளிக்கெல். ஜெர்மன் நாட்டு ஹாம்பர்க் நகரத்து யூதப் பெண்மணி.

வாழ்வும் தாழ்வும்

கிளிக்கெல் 1646-ஆம் ஆண்டளவில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிறைவதற்குள் ஹாம்பர்க் நகரத்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். குடும்பம் பக்கத்து ஊரான ஆல்டோனாவில் தஞ்சம் புகுந்து, சில ஆண்டுகள் கழித்தே திரும்பியது. பன்னிரண்டு வயதில் நிச்சயம், பதினான்கு வயதில் திருமணம். கணவர் ஹாயிம், ஹாமெல்ன் என்னும் ஊரைச் சேர்ந்தவர். பொன், முத்து வணிகர். ஒவ்வொரு வணிகத்திலும் மனைவியின் யோசனையைக் கேட்டே நடந்தவர். தம்பதியருக்குப் பிறந்த பதினான்கு குழந்தைகளில் பன்னிரண்டு பேர் வளர்ந்து ஆளாயினர்.

1689-இல் ஹாயிம் வழியில் கல்லின்மீது விழுந்து அடிபட்டு, சில நாட்களில் காலமானார். அப்போது எட்டுப் பிள்ளைகளுக்கு மணமாகவில்லை. கடனோ 20,000 ரைஷ்டாலர். கிளிக்கெல் கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. சரக்குகளை ஏலத்தில் விற்றுக் கடனைத் தீர்த்தார். காலுறை நெய்யும் தொழிற்கூடம் நடத்தினார். லைப்சிக் போன்ற ஊர்களின் சந்தைகளுக்குத் தாமே சென்று வணிகம் செய்தார்.

எழுதியது ஏன்?

பகலெல்லாம் கணக்கும் வணிகமும், இரவிலோ உறக்கமில்லை. கணவரை நினைத்து வருந்தும் அந்த இரவுகளின் துயரை ஆற்றிக்கொள்ளவே 1691-இல் எழுதத் தொடங்கினார். இன்னொரு நோக்கமும் இருந்தது. தாம் எத்தகைய முன்னோரின் வழியில் வந்தோம் என்பதைப் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் அறிய வேண்டும் என்பதே அது. வீட்டில் பேசிய இத்திஷ் மொழியிலேயே எழுதினார். நீதி நூல் எழுதப் புகவில்லை என்று தாமே கூறிவிடுகிறார். விட்டுவிட்டு எழுதி, 1719-இல் முடித்தார். மொத்தம் ஏழு பகுதிகள்.

எழுதியது என்ன?

கொள்ளைநோயில் கணவனை இழந்து, உடைமையும் பறிபோய், மகளோடு தவித்த தம் பாட்டி மாத்தேயின் கதையை அவர் எழுதியிருக்கிறார். அந்த மகளே கிளிக்கெலின் தாய். பொன் இழையிலும் வெள்ளி இழையிலும் சரிகைப் பின்னல் வேலை கற்று, அந்தக் கூலியில் இருவரும் பிழைத்தனர். நாணயமான வேலை என்று வணிகர்கள் கண்ட பிறகு மற்றப் பெண்களுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தனர்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. கிளிக்கெலுக்குத் தலைப்பிரசவம், அதே வேளையில் அவர் தாய்க்கும் பிரசவம். ஓரிரவு குழந்தைகள் மாறிப்போய் வீடே அமளிப்பட்டதாம்!

1665-இல் சப்பத்தாய் செவி என்பவர் தம்மை மீட்பர் என்று அறிவித்தபோது யூதர் பலரும் நம்பினர். கிளிக்கெலின் மாமனாரும் புனித நாட்டுக்குக் கப்பலேற ஆயத்தமாகி, உணவும் துணியும் நிரம்பிய பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பி வைத்தார். அழைப்பு வரவேயில்லை. ஒரு சமுதாயத்தின் ஏமாற்றம் முழுவதும் அந்தப் பீப்பாய்களில் அடங்கியிருக்கிறது. வரலாற்றுப் பாடநூலில் இதனைக் காண்பது அரிது.

தம் தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. 1700-இல் மெட்ஸ் நகர வணிகர் ஒருவரை மறுமணம் புரிந்தார். ஈராண்டுக்குள் அவர் வணிகம் நொடித்தது. கிளிக்கெலின் பணமும் கரைந்தது. அவர் இறந்த பின் முதுமையில் மகள் வீட்டில் ஒதுங்கினார். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று எண்ணியவருக்கு அது எளிதாக இருந்திராது.

அவர் சொல்லும் ஒரு கதை: தந்தைப் பறவை ஒன்று மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கடல் கடந்து தூக்கிச் செல்கிறது. முதுமையில் என்னைக் காப்பாயா என்று கேட்கிறது. காப்பேன் என்ற முதலிரு குஞ்சுகளையும் பொய்யர் என்று கடலில் போட்டுவிடுகிறது. மூன்றாவது குஞ்சு, ‘அப்படி வாக்களிக்க முடியாது, நீங்கள் எனக்குச் செய்வதை என் குஞ்சுகளுக்குச் செய்வேன்’ என்கிறது. அது கரை சேர்கிறது.

ஏடு பிழைத்த கதை

கிளிக்கெல் 1724-இல் மறைந்தார். அவர் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. மகன் மோசே எடுத்த படியின் வழியாகவே நூல் நிலைத்தது. 1896-இல் டேவிட் காஃப்மன் என்ற அறிஞர் அதை அச்சேற்றினார். கிளிக்கெலின் குடும்பத்தோடு தூரத்து உறவுடைய பெர்த்தா பாப்பன்ஹைம் 1910-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். யூதப் பெண்களுக்கெனச் சங்கம் கண்ட பெருமாட்டி அவர். கிளிக்கெலைப் போலவே உடையணிந்து தம்மை ஓவியமாகத் தீட்டச் செய்தார். வீட்டாருக்கென எழுதப்பட்ட அந்நூல் இன்று பதினேழாம் நூற்றாண்டு வணிகத்தையும் பெண்கள் நிலையையும் ஆராய்வோர்க்கு முதன்மைச் சான்றுகளில் ஒன்று.

நம் கடமை

கிளிக்கெலுக்கு எழுதத் தெரிந்திருந்தது. நம் பாட்டிமார் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டி கைநாட்டு வைப்பவர். ஆனால் எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்தில், எத்தனை பேர் நடந்து வந்தோம் என்பதை அவர் தவறாமல் சொல்வார். அவர் நினைவே எங்கள் வீட்டு ஏடு. அதற்கு இன்னும் படி எடுக்கப்படவில்லை என்பதே கவலைக்குரியது.

முதல் தலைமுறையாகப் படிக்கும் நண்பர்களே! இவ்விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெரியவர்களிடம் பெயர்களைக் கேளுங்கள். குறிப்பாக, பிறந்த வீட்டோடு மறக்கப்பட்ட பெண்களின் பெயர்களைக் கேளுங்கள். என்ன தொழில், என்ன கூலி, ஊர் விட்டு ஊர் வந்தது ஏன் என்று கேளுங்கள். அவமானங்களைச் சொன்னால் அவற்றையும் விடாமல் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதிய தேதியையும் குறித்து வையுங்கள்.

மோசேயை நினைவில் வைத்து, இரண்டு படிகள் எடுங்கள்.