திவே காட்டில் ஏறும் பழைய வண்டி

புனேயின் கிழக்குப் பகுதியான மகர்பட்டாவிலிருந்து புறப்பட்டு, ஹடப்சரைக் கடந்து சாஸ்வட் நோக்கிச் செல்பவரை எதிர்கொள்வது திவே காட் என்னும் மலைப்பாதை. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு யாத்திரை செல்லும், மகான் ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய ரதம் இவ்வேற்றத்தை அடைந்ததும், அதை இழுக்கும் எருதுகளுக்குத் துணையாக மேலும் சில ஜோடிகளைப் பூட்டுவது வழக்கம். சரக்கேற்றிய பழைய டீசல் பிக்கப் வண்டிக்கு அவ்வாறு எருது சேர்க்க வழியில்லையாதலால், உள்ள சக்தி முழுவதும் சக்கரத்தை அடையச் செய்வதே அதற்குரிய வைத்தியமாகும்.

சரக்கோடு 2500 கிலோ எடையுள்ள வண்டி, 15 அடிக்கு 1 அடி உயரும் சாலையில் ஏறுகையில், பூமியின் ஈர்ப்பு அதைச் சுமார் 167 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. டயர்களின் தடையையும் சேர்த்து 200 கிலோ என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 22 குதிரைசக்தி வேண்டும். 60 கிலோமீட்டருக்கோ 44 வேண்டும். ஆகவே ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெறுவதே விவேகம்.

“வண்டி புல்லிங் இல்லை” என்று வருபவரிடம் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஏர் பில்டரைக் கழற்றச் சொல்வார். காகித மடிப்புகளுக்கிடையே செம்மண் தூசி அப்பிக் கிடந்தால், எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். அடைபட்ட டீசல் பில்டர் எண்ணெயைத் தடுக்கும். தேய்ந்த நாசில் அதை மென்மையான தூவலாகப் பீய்ச்சாமல் துளியாகச் சொட்டவிடும். எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிட்டால், வழுக்குவது கிளட்ச் பிளேட். அளவுக்கு மீறிய பெரிய டயர் மாட்டியிருந்தால், அதுவும் இழுவையைத் தின்னும்.

இவையெல்லாம் செவ்வையான பின்னும் போதாதெனில், பின்னச்சின் கிரவுன்-பினியன் விகிதத்தை 4-லிருந்து 4.5-ஆக மாற்றலாம், இழுவை எட்டில் ஒரு பங்கு கூடும், அதற்கேற்ப உச்ச வேகம் குறையும். பம்பைத் திருகி டீசலை மட்டும் கூட்டுவதோ, மூச்சிரைக்கும் எருதைச் சாட்டையால் அடிப்பதற்கு ஒப்பாகும்: போதிய காற்றின்றி எரியும் எண்ணெய் புகையாகவும் வெப்பமாகவும் மாறி, நாளடைவில் பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். புது ஜோடியைத் தேடுமுன், பூட்டியிருக்கும் எருதின் நுகத்தடியைச் சரிபார்ப்பவரே நல்ல வண்டிக்காரர்.